வகுப்போடு முடியாத பாடம்

பிள்ளையின் படிப்புக்காகக் காணியை ஈடு வைப்பதற்கும் தயங்காதவர் யாழ்ப்பாணத்துப் பெற்றோர். மகனோ மகளோ பல்கலைக்கழகம் புகுந்த செய்தி கிடைத்த அன்றே வீட்டிற் பாதிப் பாரம் இறங்கிவிடுகின்றது. அங்கே பிள்ளை என்ன செய்கின்றது என்று வினவினால், "நோட்ஸ் எழுதுகிறது" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடையிற் பொய்யில்லை. விரிவுரையாளர் சொல்கின்றார், மாணவர் எழுதுகின்றனர். எழுதிய கொப்பி பரீட்சைக்கு உதவுகின்றது. பரீட்சை முடிந்ததும் அது அலுமாரியின் அடித்தட்டுக்குப் போகின்றது. அன்றேல் அடுத்த ஆண்டு மாணவரின் கைக்குப் போட்டோப்பிரதியாகச் செல்கின்றது. பிரதிக்குப் பிரதி எழுத்து மங்கி, படத்திற் கோடு மறைந்து, இறுதியிற் பாடத்தைச் சொன்னவர் யார் என்பதும் அறியப்படாமற் போகின்றது.

ஒரு விரிவுரையாளர் முப்பது ஆண்டுகள் கற்றும் கற்பித்தும் திரட்டிய அறிவு, அவர் ஓய்வுபெற்று வீடு திரும்பும் நாளில் எங்கே இருக்கின்றது? அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் சில, அறிஞர் மட்டும் நாடும் சஞ்சிகைகளில் இருக்கலாம். ஆனால், கடினமான பொருளை இளைஞருக்கு விளங்குமாறு அவர் எடுத்துரைத்த முறையும், காட்டிய உதாரணங்களும், கேட்ட வினாக்களுக்குத் தந்த விடைகளும் காற்றோடு கலந்துவிடுகின்றன. இந்த இழப்பைத் தடுக்கும் வழி இன்று கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றது. உயர்கல்வி ஆசிரியர்கள் தாம் வகுப்பிற் சொல்லும் பாடங்களை யாவரும் காணத்தக்க இணையப் பக்கங்களாகத் தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். அப்பக்கங்களைக் காக்கும் பொறுப்பினை அவர்தம் கல்வி நிலையங்கள் ஏற்றல் வேண்டும். இதுவே இவ்வாரம் நாம் வாசகர் முன் வைக்கும் கருத்து.

ஓலையும் அச்சும்

ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதுதல் நமக்குப் புதிய வழக்கமன்று. திண்ணைப் பள்ளியில் ஓலையும் எழுத்தாணியுமாக நடந்ததும் அதுவே. ஓலைக்கு ஆயுள் குறைவு. காலந்தோறும் ஒருவர் பார்த்துப் பெயர்த்தெழுதாவிடின் அது செல்லுக்கு இரையாகும். 1832ஆம் ஆண்டு சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், ஏடுகள் கண்முன்னே ஒடிந்து உதிர்வதைக் கண்டு மனம் வருந்தியே பழந்தமிழ் நூல்களைத் தேடி அச்சேற்ற முற்பட்டார். கலித்தொகை 1887இல் அவர் முயற்சியால் அச்சு வாகனம் ஏறியது. அவருக்கு முன்னரே, 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், மறு ஆண்டிலேயே அச்சியந்திரம் ஒன்றைத் தேடிச் சென்னைக்குப் பயணமானார். பள்ளிக்கூடம் நடத்த வேண்டுமாயின் பாடத்தை அச்சிட வேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார். பாலபாடம் அவ்வுணர்வின் பயன்.

இவ்விருவரினும் நமது பொருளுக்கு நெருங்கிய சான்று மானிப்பாயில் உண்டு. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயிலே வைத்தியசாலையும் வைத்திய வகுப்பும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர்கள் உத்தியோகம் நாடி வெளியிடங்களுக்குப் போய்விட, கிராமத்து நோயாளிகள் கவனிப்பாரின்றி இருந்தனர். அதனைக் கண்ட கிறீன், தமிழிற் கற்பிப்பதே தக்கதெனத் துணிந்தார். தமிழிற் கற்பிக்கப் பாடநூல் வேண்டுமே! தாமும் தமிழ் கற்று, தம் மாணவர் பலரையும் துணைக்கொண்டு நூல்களைத் தமிழாக்கினார். "இரண வைத்தியம்" 1867இலும், "கெமிஸ்தம்" 1875இலும், "மனுஷ சுகரணம்" 1883இலும் வெளிவந்தன. 1873இல் அமெரிக்கா திரும்பிய பின்னரும், 1884இல் உயிர் நீக்கும்வரை அவர் இப்பணியைக் கைவிட்டாரல்லர்.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அக்காலத்தில் இக்குடாநாட்டில் நன்றாகக் கற்பித்த ஆசிரியர் இன்னும் எத்தனையோ பேர் இருந்திருப்பர். அவர்களின் பாடங்கள் நம்மிடம் இல்லை. கிறீனின் பாடங்கள் இருக்கின்றன. காரணம், வகுப்பிற் சொன்னதை வகுப்புக்கு வெளியே உள்ளவரும் வாசிக்குமாறு அவர் எழுதி வைத்தமையே.

கடதாசி கைவிட்ட காலங்கள்

எழுதி வைத்ததும் எப்பொழுதும் நிலைக்கும் என்பதற்கில்லை. 1981ஆம் ஆண்டு ஜூன் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து சாம்பலானபோது, நூல்களும் ஏடுகளுமாகச் சுமார் 97,000 அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஒரு நூல் எரிந்தால் அது இரண்டாம் முறை பிறப்பதில்லை. பின்னர் வந்த யுத்த காலத்தில் மின்சாரம் இல்லை, கடதாசிக்குத் தட்டுப்பாடு, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட தலைமுறை அது. அந்நிலையிலும் திருநெல்வேலியிற் பல்கலைக்கழகம் நடந்தது. மாணவர் குப்பி விளக்கில் இருந்து படித்தனர். 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகத் தோன்றி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமான அந்நிறுவனம் கடந்து வந்த துன்பம் சிறிதன்று. அவ்வாண்டுகளில் அங்கே நிகழ்ந்த விரிவுரைகளில் எத்தனை இன்று நம் கையில் உள்ளன?

யுத்தம் ஓய்ந்த பின்னரும் கடதாசியை முழுதும் நம்புவதற்கில்லை என்பதை 2022ஆம் ஆண்டு காட்டியது. வெளிநாட்டு நாணயம் இன்றிக் கடதாசி இறக்குமதி தடைப்பட, மேல் மாகாணத்திற் பாடசாலைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. கொப்பியின் விலை ஏறியதை உணராத பெற்றோர் இலர்.

பூட்டிய அறையும் திறந்த முற்றமும்

"இப்பொழுது எல்லாம் இணையத்தில் இருக்கின்றனவே" என்று சிலர் கூறலாம். உண்மையே. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் கொரோனா நோயினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, லேர்ண் என்னும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு சூம் வகுப்புகளுக்கு வழி செய்தது. பல்கலைக்கழகத் தளங்களைக் கட்டணமின்றி அணுகத் தொலைபேசிக் கம்பனிகளும் இடமளித்தன. யாழ்ப்பாணத்திலும் பிற பல்கலைக்கழகங்களிலும் மூடில் என்னும் கற்றல் தளம் இன்று வழக்கத்திற்கு வந்துவிட்டது. அதனை ஆக்கிய மார்ட்டின் டூகியாமஸ் என்பார் அவுஸ்திரேலியப் பாலைநிலத்தில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் எட்டாத தொலைவிலிருந்து வானொலி வழியாகப் பாடம் கேட்டவர். தொலைவிலிருந்து கற்பவரின் தாகத்தை அறிந்த அவர், 2002இல் வெளியிட்ட அந்நிரலினை எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வழங்கினார்.

எனினும், மூடில் ஒரு பூட்டிய அறை. அந்த ஆண்டில் அந்தப் பாடத்துக்குப் பதிந்த மாணவரே கடவுச்சொல்லைக் கொண்டு உள்ளே போகலாம். ஒப்படை சமர்ப்பிக்கவும் புள்ளி வழங்கவும் பூட்டிய அறை வேண்டியதே. ஆனால், பாடத்தையும் உள்ளே பூட்டி வைப்பதேன்? வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்பவர் அதனைக் காணமுடியாது. நெடுந்தீவிலோ துணுக்காயிலோ உயர்தர வகுப்புக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியை காணமுடியாது. பட்டம் பெற்று வெளியேறிய பழைய மாணவரும் காணமுடியாது. இவர்களனைவரும் பல்கலைக்கழகத்தைத் தம் வரிப்பணத்தினால் தாங்குபவர்களே.

திறந்த முற்றம் ஒன்று வேண்டும். அதற்கான கருவியும் இலவசமாகவே உண்டு. 2003இல் தோன்றிய வேர்ட்பிரஸ் போன்ற வலைப்பதிவு நிரல்களைக் கையாளக் கணினிச் சாத்திரம் கற்றிருக்க வேண்டியதில்லை. கடிதம் தட்டச்சிடத் தெரிந்தவர் பக்கம் எழுதலாம். அமெரிக்காவிலே வெர்ஜீனியா மாநிலத்திலுள்ள மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகம், 2007ஆம் ஆண்டிலேயே தன் ஆசிரியரும் மாணவரும் விரும்பியவாறு பக்கம் தொடங்கத் தன் சொந்தத் தளத்தில் இடங்கொடுத்தது. சில ஆண்டுகளின் பின் மாணவர் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் இணைய முகவரி பெறுவதற்கும் வழி செய்தது. பெருஞ் செல்வமுள்ள பல்கலைக்கழகமன்று அது. நடுத்தரமானதோர் அரச நிறுவனமே.

பக்கம் எவ்வாறு அமைதல் வேண்டும்?

உதாரணமாக, புவியியல் விரிவுரையாளர் ஒருவர் குடாநாட்டின் நிலத்தடி நீரைப் பற்றி வகுப்பெடுக்கின்றார் என்று கொள்வோம். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத மண் இது. அடியிற் கிடக்கும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் மழைநீர் இறங்கித் தங்குகின்றது. அந்நன்னீர் கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். தோட்டத்துக்கு இட்ட உரமும் மலகூடக் குழியின் கழிவும் நைத்திரேற்றாகிக் கிணற்று நீரிற் கலக்கின்றன. புத்தூர்ப் பகுதியிலுள்ள நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சாட்சி.

இப்பாடம் வகுப்பிலுள்ள ஐம்பது பேருக்கு மட்டும் உரியதா? கிணறு உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் உரியதன்றோ! வகுப்பு முடிந்த மாலையே விரிவுரையாளர் இதனை ஒரு பக்கமாக எழுதி வெளியிடட்டும். வகுப்பில் எழுந்த நல்ல வினாக்களை விடைகளோடு கீழே சேர்க்கட்டும். மறு வாரம் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் கிணற்றைப் பார்த்து ஒரு சிறு குறிப்பு எழுதட்டும். ஆசிரியர் ஒருவர் மட்டும் பார்த்துப் புள்ளியிடும் ஒப்படைக்கும், ஊரவர் பார்க்கும் பக்கத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னதிற் பக்கத்தை நிரப்பும் மாணவன், பின்னதிற் சொல்லை எண்ணி எழுதுவான்.

எழுத்துப் பக்கத்துக்கு இன்னொரு நலமும் உண்டு. கணினியிலே தமிழ்க் குறி ஒவ்வொன்றும் பொதுவாக மூன்று பைற்று இடமே கொள்ளும். இரண்டாயிரம் சொற்கொண்ட ஒரு பாடம் நூறு கிலோபைற்றுக்குள் அடங்கிவிடும். ஒரு மணி நேரக் காணொளி வகுப்போ நூற்றுக்கணக்கான மெகாபைற்றை விழுங்கும். கைத்தொலைபேசியில் அளந்து அளந்து இணையம் வாங்கும் வீட்டுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. காணொளிக்குக் காசில்லாத பிள்ளையும் பக்கத்தைப் படிக்கலாம்.

எழுத்துருவிலும் கவனம் வேண்டும். நம் நாட்டிற் பாடக்குறிப்புகள் பல இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிடப்படுகின்றன. அவை ஆங்கில எழுத்தின் இடத்திலே தமிழ் வடிவத்தை வைத்துக் காட்டுபவை. தாளில் அது தமிழ். கணினிக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. அவ்வாறே இணையத்தில் இட்டால், தேடுவோர் எவருக்கும் அது அகப்படாது. யூனிக்கோடு என்னும் ஒருங்குறியிலே 1991 தொடக்கமே தமிழுக்கு இடமுண்டு. அதில் எழுதியதே தேடிக் கண்டுபிடிக்கத்தக்கது. நாளை வேறு கருவி வந்தாலும் வாசிக்கத்தக்கது.

இன்று மாணவர் பலர் ஐயம் எழுந்தால் ஆசிரியரிடம் போவதற்கு முன் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் கேட்கின்றனர். அவ்வியந்திரம் கற்றது உலகம் எழுதி வைத்ததை. நம் கிணற்றையும் நம் மண்ணையும் பற்றி நாம் தமிழில் எழுதி வையாவிடின், அது எங்கிருந்து சரியான விடை தரும்?

சில ஆட்சேபங்கள்

பாடம் பக்கத்தில் இருந்தால் மாணவர் வகுப்புக்கு வாரார் என்பது முதல் ஆட்சேபம். வகுப்பு என்பது சொல்வதை எழுதும் இடம் மட்டுமாயின், வாராதிருப்பதில் நட்டமில்லை. சொல்லி எழுதுவிக்கும் வேலையைப் பக்கம் ஏற்றுக்கொண்டால், அந்த ஒரு மணி நேரம் வினாவுக்கும் விவாதத்துக்கும் மிஞ்சும். அவ்வகுப்பைத் தவறவிட எந்த மாணவரும் விரும்பார்.

எழுதினாற் பிழை வெளிப்பட்டுவிடும் என்பது இரண்டாவது. சுவருக்குள் சொல்லும் பிழையே கொடியது. அது நூறு கொப்பிகளில் ஏறித் திருத்துவாரின்றிக் கிடக்கும். பக்கத்திற் பிழை கண்டால் அறிந்தவர் அறிவிப்பர். திருத்திய திகதியுடன் அது சீர்பெறும்.

பிறர் திருடுவர் என்பது மூன்றாவது. பெயரும் திகதியும் பொறித்து யாவரும் காண வெளியிட்டதைத் திருடுவதிலும், பெயரற்ற போட்டோப்பிரதியைத் திருடுவது எளிது.

நான்காவது ஆட்சேபம் நியாயமானது. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள் எண்ணப்படுகின்றன. வகுப்புப் பாடத்தை நன்கு எழுதியவருக்கு அத்தகைய மதிப்புக் கிடைப்பதில்லை. வேலைப் பளுவின் நடுவே எவர் இதனைச் செய்வர்? இதற்கு விடை கூறவேண்டியவர் விரிவுரையாளர் அல்லர், பல்கலைக்கழகத்தை நடத்துவோர். நல்ல பாடப் பக்கங்களைத் துறைசார் அறிஞர் பார்த்து மதிப்பிட்டு, அதனையும் ஒரு பணியாகக் கணக்கிற் கொள்ளும் விதி பிறத்தல் வேண்டும்.

யார் காப்பது?

இனி, எல்லாவற்றினும் முக்கியமான விடயத்துக்கு வருவோம். இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் எழுதிவிட்டு உறங்கிவிடலாகாது. ஜியோசிட்டீஸ் என்னும் தளத்திலே இலட்சக்கணக்கானோர் பக்கம் அமைத்திருந்தனர். அதன் உரிமையாளரான யாஹூ நிறுவனம் 2009இல் அதனை மூடிவிட்டது. ஆசிரியர் பலர் வகுப்புக்குப் பயன்படுத்திய விக்கிஸ்பேசஸ் 2018இல் விடைபெறத் தொடங்கியது. எங்கோ ஒரு கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் நட்டம் விழுந்தால், இங்கே நம் பாடம் மறைந்துபோகும். இதுவும் ஒரு வகைச் செல்லரிப்பே.

ஆதலின், பக்கங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த முகவரியிலே இருத்தல் வேண்டும். விரிவுரையாளர் ஓய்வுபெற்றாலும் அவர் பக்கம் அழிக்கப்படலாகாது. ஆண்டுக்கொருமுறை அவற்றின் பிரதி நூலகத்திற் சேர்க்கப்படல் வேண்டும். வேறோர் ஊரிலும் ஒரு பிரதி இருத்தல் வேண்டும். ஒரே இடத்தில் வைத்த செல்வத்துக்கு என்ன நேரும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

இத்தகைய காவற்பணி நம்மவர்க்கு இயலாதது என்று எவரும் சொல்லமுடியாது. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் திட்டம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பல்லாயிரக் கணக்கில் மின்வடிவாக்கி, உலகெங்கும் இலவசமாக வாசிக்க வைத்திருக்கின்றது. தன்னார்வலரின் உழைப்பே அதன் முதல். 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவை அதன் தொடக்க நாள்களிற் பெரிதும் தாங்கி வளர்த்த இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர், இன்று அதில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள. சம்பளமின்றித் தனிமனிதர் செய்துகாட்டியதைச் சம்பளமும் கட்டடமும் கணினிக்கூடமும் உடைய நிறுவனங்கள் செய்தல் அரிதாகுமா?

ஒரு துறையில் ஒரு விரிவுரையாளர், வாரம் ஒரு பக்கம் என்று தொடங்கினாற் போதும். ஒரு தவணைக்குப் பதினைந்து பக்கம்; நான்கு ஆண்டில் அது ஒரு நூல். மாணவர்களும் வாளாவிருத்தல் தகாது. வகுப்பில் ஒழுங்காகக் குறிப்பெடுப்பவர், ஆசிரியரின் அனுமதி பெற்று, அவர் பார்வைக்கு வைத்துத் திருத்தி, பக்கம் எழுத உதவலாம். கிறீனுக்கு மானிப்பாய் மாணவர் செய்த உதவி அத்தகையதே. பெற்றோரும், பிள்ளை விடுமுறைக்கு வீடு வரும்போது, "எத்தனை புள்ளி?" என்று கேட்பதோடு நில்லாது, "உன் ஆசிரியர் சொன்னதில் நாங்களும் வாசிக்கக்கூடியது ஏதும் உண்டா?" என்றும் கேட்டுப் பார்க்கட்டும். ஊரிலிருந்து அவ்வினா எழுமானால், பல்கலைக்கழகத்திலிருந்து விடை வரும்.